காலத்துக்குத் தமிழைப் பிடியுங்கள், இடத்துக்குப் படத்தைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்று, இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘அட்’, ‘ஒன்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொற்களில்தான் இன்றும் தடுமாறுவதாகச் சொல்லி, மேலாளர் சிவப்பு மையால் கோடிட்ட மூன்று வாக்கியங்களையும் தந்திருக்கிறீர்கள். “ஐ ஜொய்ன்ட் திஸ் ஹோட்டல் பிஃபோர் டூ இயர்ஸ்” என்பது முதலாவது. “ப்ளீஸ் வெகேட் த ரூம் வித்தின் இலெவன் ஓக்ளொக்” என்பது இரண்டாவது. “மை மதர் இஸ் வேர்க்கிங் இன் த எஸ்டேட் ஃப்ரொம் 1998” என்பது மூன்றாவது. தமிழில் நினைப்பதை அடியோடு விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று அவர் சொன்னது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மலையகப் பாடசாலைகளில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் சொன்னது பாதிதான் சரி. இடத்தைக் குறிக்கும்போது தமிழைச் சற்றே ஓரமாக வைக்கத்தான் வேண்டும். காலத்தைக் குறிக்கும்போதோ தமிழைப் போல நல்ல துணை வேறு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே அட்டவணையில் போட்டு மனனம் செய்யச் சொல்வதால்தான், நம் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் சரியாக எழுதிவிட்டு, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது குழம்பிப்போகிறார்கள்.

முதலில் காலம். நாம் அன்றாடம் பேசும் தமிழைக் காது கொடுத்துக் கேளுங்கள். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஆறரை மணிக்கு. சம்பளம் எப்போது? பத்தாம் திகதி அன்று. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து எப்போது நடந்தது? ஓகஸ்ட் மாதத்தில். மணியோடு ‘கு’ உருபு வருகிறது, நாளோடு ‘அன்று’ என்ற சொல் வருகிறது அல்லது வெறுமனே நாளின் பெயர் மட்டும் நிற்கிறது, மாதத்தோடும் ஆண்டோடும் ‘இல்’ உருபு வருகிறது. இந்த மூன்றையும் ஆங்கிலத்தின் மூன்று சொற்களுக்கு நேராக வைத்துப் பாருங்கள். ‘கு’ வரும் இடத்தில் ‘அட்’, ‘அன்று’ வரும் அல்லது வரக்கூடிய இடத்தில் ‘ஒன்’, ‘இல்’ வரும் இடத்தில் ‘இன்’. ஆறரை மணிக்கு என்பது ‘அட் சிக்ஸ் தேர்ட்டி’. பத்தாம் திகதி அன்று என்பது ‘ஒன் த டென்த்’. ஓகஸ்ட் மாதத்தில் என்பது ‘இன் ஓகஸ்ட்’. 1867இல் என்பது ‘இன் 1867’. காலையில், பின்னேரத்தில் என்று நீங்கள் சொல்லும்போதே ‘இன் த மோர்னிங்’, ‘இன் த ஈவ்னிங்’ என்பவற்றின் பாதி வேலை முடிந்துவிட்டது.

பண்டிகைகளில் இந்த ஒற்றுமை இன்னும் நுட்பமாக வெளிப்படும். ‘தீபாவளிக்கு வீட்டுக்கு வருவேன்’ என்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை சொன்னால், அது அந்தப் பண்டிகைக் காலம் முழுவதையும் குறிக்கும். இரண்டு நாள் முன்னதாகவும் வரலாம். ‘தீபாவளியன்று வருவேன்’ என்றால் அந்த ஒரு நாள்தான். ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘அட் தீபாவளி’ என்றால் பண்டிகைக் காலம், ‘ஒன் தீபாவளி டே’ என்றால் அந்த நாள். ‘அட் கிறிஸ்மஸ்’, ‘ஒன் கிறிஸ்மஸ் டே’ என்பதும் அப்படியே. இந்த வேறுபாட்டை எத்தனையோ மாணவருக்கு விளக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் விளக்கியபோது விழித்தவர்கள், இந்தத் தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிய மறுகணமே தலையசைத்தார்கள்.

எல்லா இடத்திலும் இந்த ஒப்பீடு பொருந்தும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இரவில் என்று நாம் எழுதுவதற்கு ஆங்கிலம் ‘அட் நைட்’ என்கிறது. விடியலில் என்பது ‘அட் டோன்’ ஆகிறது, வார இறுதியில் என்பது பிரித்தானிய வழக்கில் ‘அட் த வீக்கெண்ட்’ ஆகிறது. ஆனாலும் பேச்சுத் தமிழ் இங்கும் ஓரளவு கைகொடுக்கிறது. ‘ராத்திரிக்கு வாறேன்’, ‘மத்தியானத்துக்குச் சாப்பிட வா’, ‘நடுச்சாமத்துக்கு எழும்பினான்’ என்று சொல்லும்போது ‘கு’ தானாகவே வந்துவிடுகிறது. ஆங்கிலமும் அவற்றை ‘அட் நைட்’, ‘அட் நூன்’, ‘அட் மிட்நைட்’ என்கிறது. மிஞ்சும் ஒன்றிரண்டை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வது பெரிய சுமை அல்ல.

ஒரு வாக்கியத்தில் நாளும் பொழுதும் சேர்ந்து வந்தால் நாள்தான் வெல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காலையில் என்பது ‘இன் த மோர்னிங்’. வெள்ளிக்கிழமை காலையில் என்றாலோ ‘ஒன் ஃப்ரைடே மோர்னிங்’. ஒரு மழைநாள் மாலையில் என்பதும் ‘ஒன் அ ரெய்னி ஈவ்னிங்’ தான். போன, அடுத்த, இந்த, ஒவ்வொரு ஆகிய சொற்கள் முன்னால் வந்தால் ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் எதுவும் வராது. தமிழிலும் ‘போன கிழமை போனேன்’, ‘அடுத்த மாதம் வருவேன்’ என்று உருபு இல்லாமல்தானே பேசுகிறோம்? அப்படியிருக்க, ‘ஒன் லாஸ்ட் மன்டே’ என்று வலிந்து ஒன்றை ஒட்டவைப்பது எங்கிருந்து வருகிறது? மனனம் செய்த அட்டவணையிலிருந்துதான் வருகிறது. திங்கட்கிழமை என்றாலே ‘ஒன்’ என்று பழக்கப்பட்ட கை, முன்னால் ‘போன’ என்ற சொல் நிற்பதைக் கவனிப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். இதை விளக்கச் சிவனொளிபாதமலையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த மலைக்கான யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் போயாவில், அதாவது பௌர்ணமி நாளில், தொடங்கி மே மாத வெசாக் போயா வரை நீடிக்கும். நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்குபவர்களின் குறிக்கோள், 2,243 மீற்றர் உயரத்திலுள்ள உச்சியில் நின்று சூரிய உதயத்தைக் காண்பது. ‘உதயத்துக்குள் மேலே போய்விட வேண்டும்’ என்கிறோம். அதாவது உதயமே கடைசி எல்லை. நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்தாலும் நல்லதுதான். இந்த ‘குள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பை’: ‘பை சன்ரைஸ்’. ‘உதயம் வரை மேலே காத்திருந்தோம்’ என்றால் காத்திருத்தல் என்ற செயல் இடைவிடாமல் அந்தக் கணம் மட்டும் நீண்டது. அது ‘அன்டில் சன்ரைஸ்’. ‘உதயத்தின்போது மணி அடித்தார்கள்’ என்றால் சரியாக அந்தக் கணத்தில். அது ‘அட் சன்ரைஸ்’. ஒரே உதயம்தான், அதை நோக்கிச் செல்வதா, அதுவரை நீள்வதா, அதிலேயே நிகழ்வதா என்பதைத் தமிழும் பிரித்துச் சொல்கிறது, ஆங்கிலமும் பிரித்துச் சொல்கிறது.

‘குள்’ என்பதைக் கேட்டதும் ‘உள்’ நினைவுக்கு வந்து, அங்கிருந்து ‘வித்தின்’ என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதும் அப்படித்தான். ‘வித்தின்’ ஒரு கால அளவோடு மட்டுமே சேரும்: ஒரு மணி நேரத்துக்குள், மூன்று நாட்களுக்குள். கடிகாரம் காட்டும் ஒரு புள்ளியோடு அது சேராது. ஆகவே விருந்தினரிடம் ‘ப்ளீஸ் வெகேட் த ரூம் பை இலெவன் ஓக்ளொக்’ என்று சொல்லுங்கள். உணவகம் பத்து மணி வரை திறந்திருக்கும் என்பதற்கு ‘ஓப்பன் அன்டில் டென்’. இதில் ‘பை’ போட்டால், பத்து மணிக்குள் எப்போதோ ஒரு நேரம் திறந்துவிடுவார்கள் என்று விருந்தினர் விளங்கிக்கொண்டு, எட்டு மணிக்குப் பசியோடு அறையிலேயே காத்திருப்பார்.

இந்த வகைச் சொல் ஒன்றுக்கு நானே பெரிய விலை கொடுத்திருக்கிறேன். உயர்தரம் முடித்த ஆண்டில் ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விளம்பரத்தில் திகதிக்கு முன்னால் ‘பிஃபோர்’ என்று இருந்தது. பதினைந்தாம் திகதி கடைசி நாள் என்று எண்ணிக்கொண்டு, அதே நாள் காலையில் முதல் பஸ்ஸில் புறப்பட்டு, விண்ணப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி அந்தக் காரியாலயத்தின் வாசலில் நின்றேன். சாளரத்துக்கு உள்ளே இருந்தவர் கடித உறையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றோடு முடிந்துவிட்டது என்றார். ‘பிஃபோர்’ என்றால் குறிப்பிட்ட நாள் சேராது, அதற்கு முந்திய நாளோடு சரி. ‘பை’ என்றால் அந்த நாளும் சேரும். சந்தேகத்துக்கே இடம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘ஒன் ஓர் பிஃபோர்’ என்று எழுதுவார்கள். அன்று அல்லது அதற்கு முன்னர் என்பது பொருள். அரசாங்க விளம்பரங்களில் இந்தத் தொடரை அடிக்கடி காண்பீர்கள். மூன்றையும் ஒன்றென எண்ணி அன்று ஓர் ஆண்டை இழந்தேன். அதனால்தான் இதை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்தேன்.

முதல் வாக்கியத்திலுள்ள பிழை நம்மவரிடையே மிகப் பரவலானது. ‘இரண்டு வருடங்களுக்கு முன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பிஃபோர் டூ இயர்ஸ்’ வரும். தமிழின் ‘முன்’ ஒரே சொல்லாக இரண்டு வேலைகளைச் செய்கிறது: தீபாவளிக்கு முன் என்பது ஒரு நிகழ்வுக்கு முன், இரண்டு வருடங்களுக்கு முன் என்பது இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஆங்கிலம் இந்த இரண்டாவது வேலைக்கு ‘அகோ’ என்ற தனிச் சொல்லை வைத்திருக்கிறது, அதையும் தமிழைப் போலவே கால அளவுக்குப் பின்னால் போடுகிறது: ‘டூ இயர்ஸ் அகோ’. ஆகவே ‘ஐ ஜொய்ன்ட் திஸ் ஹோட்டல் டூ இயர்ஸ் அகோ’. எதிர்காலத்தை நோக்கி எண்ணும்போது ‘இன்’ வரும். பஸ் பத்து நிமிடத்தில் வரும் என்பதற்கு ‘இன் டென் மினிட்ஸ்’. இங்கும் பாருங்கள், தமிழின் ‘இல்’ மறுபடியும் ‘இன்’ ஆகத்தான் வந்து நிற்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை இவ்வளவு போதும். இடத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ‘பெட்டியில் இருக்கிறது’, ‘சுவரில் இருக்கிறது’, ‘வாசலில் நிற்கிறார்’ ஆகிய மூன்றுக்கும் நாம் ‘இல்’ என்ற ஒரே உருபைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆங்கிலம் ‘இன் த பொக்ஸ்’, ‘ஒன் த வோல்’, ‘அட் த டோர்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. தமிழில் சொல்வளம் இல்லாததால் இப்படி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் ‘கண்’ முதல் ‘இல்’ வரை 28 உருபுகளைச் சொல்கிறது. மேல், கீழ், உள், புறம் எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. வேண்டுமானால் பெட்டிக்குள் என்றும் மேசை மேல் என்றும் துல்லியமாகச் சொல்ல நம்மாலும் முடியும். ஆனால் தேவைப்படும்போது மட்டுமே அப்படிச் சொல்கிறோம், மற்ற நேரங்களில் பொருளே புரியவைத்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் தெரிவு செய்தே ஆக வேண்டும்.

எப்படித் தெரிவு செய்வது? சொல்லைத் தேடாமல் படத்தைப் பாருங்கள். பேசுகிறவரின் மனத்தில் அந்த இடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் ‘அட்’. ஒரு பரப்பாகவோ கோடாகவோ தெரிந்தால் ‘ஒன்’. நாலாபுறமும் சூழ்ந்த வெளியாகத் தெரிந்தால் ‘இன்’. நீங்கள் நாளும் பார்க்கும் கிரகரி வாவியையே எடுத்துக்கொள்வோம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட வாவி அது. விருந்தினர் ஒருவர் நண்பரை வாவியடியில் சந்திப்பதாகச் சொன்னால் அது சந்திக்கும் ஒரு புள்ளி மட்டுமே: ‘அட் த லேக்’. படகு செல்வது நீர்ப்பரப்பில்: ‘ஒன் த லேக்’. மீன் இருப்பது நீருக்குள்: ‘இன் த லேக்’. கரையோரமாக அவர்கள் நடந்தால் ‘பை த லேக்’. தமிழில் இந்த நான்கையும் ‘வாவியில்’ என்ற ஒரு சொல்லால் கடந்துவிடலாம். கேட்பவரும் குழம்ப மாட்டார். ஆங்கிலத்தில் ‘தே ஆர் வோக்கிங் இன் த லேக்’ என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் மனத்தில் இருவரும் முழங்கால் நீரில் நடக்கிறார்கள்.

இதே படங்களை நானுஓயா ரயில் நிலையத்தில் ஒரு பயணியின் பின்னாலேயே நடந்து பார்க்கலாம். அவர் இப்போது நிலையத்தில் இருக்கிறார். பயணப் பாதையில் அது ஒரு புள்ளி, ஆகவே ‘அட் நானுஓயா’. குளிருக்குக் கழுத்துவரை சால்வையைப் போர்த்தியபடி அவர் மேடையில் நிற்கிறார். காலுக்குக் கீழே இருப்பது பரப்பு, ஆகவே ‘ஒன் த பிளாட்போம்’. மழை வலுத்ததும் ஓய்வறைக்குள் போகிறார். ‘இன் த வெயிட்டிங் ரூம்’. பதுளை ரயில் வந்ததும் ஏறிவிடுகிறார். ‘ஒன் த ட்ரெயின்’. பெட்டிக்குள் ஜன்னலோரத்தில் இடம் கிடைக்கிறது. ‘இன் த கரேஜ்’, ‘பை த விண்டோ’. வண்டி அம்பேவளையைக் கடந்து, இலங்கையிலேயே மிக உயரமான நிலையமான பட்டிப்பொலையில் நிற்கிறது. ‘த ட்ரெயின் ஸ்டொப்ஸ் அட் பட்டிப்பொல’. அந்த ஊரில் ஒருவருக்கு வீடு இருந்தால், இதே பட்டிப்பொல அவருக்குப் புள்ளி அல்ல, வாழ்கிற வெளி: ‘ஹீ லிவ்ஸ் இன் பட்டிப்பொல’. ஊர் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது. பாடநூல்கள் சிறிய ஊருக்கு ‘அட்’, பெரிய நகரத்துக்கு ‘இன்’ என்று அளவை வைத்துச் சொல்லித் தருவதை நான் ஏற்பதில்லை. கொழும்பு எவ்வளவு பெரிய நகரமாக இருந்தாலும், சிங்கப்பூர் செல்லும் கப்பல் இடையில் நின்று செல்லும் துறையாக அதைப் பார்க்கிறவர் ‘அட் கொலம்போ’ என்றுதான் சொல்வார்.

வாகனங்களில் ஒரு சிறிய சிக்கல் இருக்கிறது. ரயிலுக்குள்தானே இருக்கிறோம், பிறகு ஏன் ‘ஒன் த ட்ரெயின்’ என்று கேட்பீர்கள். எழுந்து நிற்கவும் நடக்கவும் இடமுள்ள, பலரும் சேர்ந்து பயணம் செய்கிற பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஒன்’. குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிடுகிற கார், ஆட்டோ, வான் போன்றவற்றுக்கு ‘இன்’. காலைப் போட்டு ஏறுகிற சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ஒன்’. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இதே பிரிவுதான்: பஸ்ஸில் ‘கெட் ஒன்’, ‘கெட் ஓஃப்’, ஆட்டோவில் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. என்ன வழியாக வந்தீர்கள் என்று மட்டும் சொல்வதானால் ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’ போதும். நடந்து வந்தால் ‘ஒன் ஃபுட்’. குறிப்பிட்ட வண்டியைச் சொல்ல வேண்டுமானால் ‘ஒன் த சிக்ஸ் தேர்ட்டி பஸ்’.

இனி, மலையகத்தில் பிறந்த எவரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தோட்டத்தில் வாழ்கிறோம், தோட்டத்தில் வேலை செய்கிறோம் என்பதை நாம் எல்லோரும் ‘இன் த எஸ்டேட்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் ‘ஒன் த எஸ்டேட்’ என்பார்கள். பண்ணைக்கும் பெருந்தோட்டத்துக்கும் அதே வழக்கு: ‘ஒன் அ ஃபாம்’, ‘ஒன் அ ப்ளான்டேஷன்’. அவர்கள் மனத்தில் தோட்டம் என்பது வேலி சூழ்ந்த உள்ளிடம் அல்ல. கால் பதிந்து உழைக்கிற நிலப்பரப்பு. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டால் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஏறக்குறைய எல்லா வாக்கியங்களும் சரியாக அமையும், ஏனென்றால் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லப்போகிறீர்கள். ஆனால் தோட்டத்துக்குள் போனதும் மற்ற இடங்கள் தத்தம் வடிவத்துக்கு ஏற்ப மாறும். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறைக்குள் என்றால் ‘இன் த லைன் ரூம்’. பிரட்டுக் களத்தில் கூடுகிறோம் என்றால் கூடும் புள்ளி, ‘அட் த மஸ்டர் க்ரவுண்ட்’. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள் என்றால் இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, ‘இன் த ஃபீல்ட்’. அந்த மலையின் சரிவில் என்றால் ‘ஒன் த ஸ்லோப்’. மழையில் பறிக்கிறார்கள் என்றால் மழை அவர்களைச் சூழ்ந்திருக்கிறது, ‘இன் த ரெயின்’. தொழிற்சாலையில், நாம் ஸ்டோர் என்கிறோமே, அங்கே வேலை என்றால் ‘அட் த ஃபெக்டரி’. கொழுந்து வாடவைக்கும் மாடி அதற்குள் இருக்கிறது என்றால் ‘இன் த ஃபெக்டரி’.

காலமும் இடமும் ஒன்றாக வரும் வாக்கியம் ஒன்றையும் பார்த்துவிடுங்கள்; விருந்தினர்கள் தேயிலையைப் பற்றிக் கேட்கும்போது உங்களுக்கு உதவும். ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்திலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ‘இன் 1867, ஜேம்ஸ் டெய்லர் ப்ளான்டட் டீ ஒன் நைன்டீன் ஏக்கர்ஸ் அட் லூல்கந்துர இன் கெண்டி டிஸ்ட்ரிக்ட்.’ ஆண்டுக்கு ‘இன்’, நிலப்பரப்புக்கு ‘ஒன்’, வரைபடத்தில் புள்ளியாக நிற்கும் தோட்டத்தின் பெயருக்கு ‘அட்’, அதைச் சூழ்ந்த மாவட்டத்துக்கு ‘இன்’. தோட்டத்தின் பெயருக்கு ஏன் ‘ஒன்’ வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், இந்தப் பதிலைச் சரியாக வாசித்திருக்கிறீர்கள் என்று பொருள். ‘ஒன் லூல்கந்துர எஸ்டேட்’ என்று எஸ்டேட் என்ற சொல்லோடு சேர்த்தால் அங்கும் ‘ஒன்’ வரும்.

உங்கள் வேலையில் அன்றாடம் தேவைப்படுகிறவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேசையில் என்பது ‘அட் ரிசெப்ஷன்’. மாடி பரப்பு, ஆகவே ‘ஒன் த செக்கண்ட் ஃப்ளோர்’. அறை உள்ளிடம், ஆகவே ‘இன் ரூம் டூ ஓ ஃபோர்’. இடது கைப் பக்கம் என்பது ‘ஒன் த லெஃப்ட்’. நானுஓயா நிலையத்தில் வந்து சேர்ந்தால் ‘அரைவ் அட்’, நுவரெலியாவில் வந்து சேர்ந்தால் ‘அரைவ் இன்’. ‘அரைவ் டு’ என்று ஒருபோதும் வராது. வழி சொல்லும்போது ‘எதிரில்’ என்ற நம் சொல்லால் விருந்தினர் அலைக்கழியக்கூடும், அதைச் சற்று நிதானித்துச் சொல்லுங்கள். 1894இல் கட்டப்பட்ட செங்கல் நிறத் தபாற்கந்தோர் உங்கள் நகரின் அடையாளம், வழி கேட்பவர்களுக்கு அதை வைத்துத்தான் சொல்வீர்கள். வீதியைக் கடந்து அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கடை இருந்தால் அது ‘ஒப்பசிட் த போஸ்ட் ஒஃபிஸ்’. வீதியைக் கடக்காமல், தபாற்கந்தோரின் முகப்புக்கு முன்னாலேயே ஆட்டோ நின்றால் அது ‘இன் ஃப்ரன்ட் ஒஃப் த போஸ்ட் ஒஃபிஸ்’. இரண்டையும் நாம் எதிரில் என்றே சொல்வதால், ஆட்டோவை வீதியின் மறுபக்கத்தில் தேடி அலைந்த பயணிகள் உண்டு.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், இதை என் மாணவரிடம் செய்து பார்த்து நம்பிக்கை கொண்டேன். முன்னிடைச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள். அதை அடுத்து வரும் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாக வாயில் ஏற்றுங்கள். ‘நைட்’ என்று ஒரு சொல் இல்லை, ‘அட் நைட்’ என்று ஒரு சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மேசைக்கு வந்ததும் அன்றைய நாளைப் பற்றி நான்கு வாக்கியங்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள்: யார் எத்தனை மணிக்கு வருகிறார், எந்த அறையில் தங்குகிறார், எந்த நாளில் புறப்படுகிறார், எதில் போகிறார். உண்மையான ஆட்களையும் உண்மையான நேரங்களையும் வைத்து எழுதினால், பத்து நாட்களில் கை தானாக எழுதத் தொடங்கும்.

கடைசியாக, உங்கள் அம்மாவைப் பற்றிய வாக்கியம். அதில் இரண்டு இடங்களைத் தொட வேண்டும். தோட்டத்துக்கு ‘ஒன்’ என்பதை மேலே பார்த்தோம். 1998 முதல் என்பதற்கு நீங்கள் போட்ட ‘ஃப்ரொம்’, அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். அன்று தொடங்கி இன்றும் தொடர்கிற ஒன்றுக்கு ‘சின்ஸ்’ வர வேண்டும், அதனோடு வினையும் ‘ஹேஸ் பீன் வேர்க்கிங்’ என்று மாற வேண்டும். தொடங்கிய ஆண்டைச் சொல்லாமல் எத்தனை வருடமாக என்று சொல்வதானால் ‘சின்ஸ்’ அல்ல, ‘ஃபோர்’. நம் ‘ஆக’ உருபு வரும் இடம் அது. ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘மை மதர் ஹேஸ் பீன் வேர்க்கிங் ஒன் அ டீ எஸ்டேட் சின்ஸ் 1998.’ அம்மா இன்றும் மலைக்குப் போகிறார் என்பதை இந்த வாக்கியம் சொல்லிவிடும். நீங்கள் முதலில் எழுதிய வாக்கியம் அதைச் சொல்லவில்லை.